சொல்லிக்காமப் போனவங்க

சுடுகாட்டுல பொணத்தை இறக்கி வச்சுட்டாங்க. இங்க போன்ல வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. "ஐபி முகவரி பெறப்படுகிறது"ன்னு எழுதி, பக்கத்துல ஒரு வட்டம். சுத்தும், சுத்தும், அத்துப் போகும். மறுபடி முதல்லேருந்து சுத்தும். குவைத்துல, செத்துப் போன அம்மாவோட சின்ன மகன் அவர் போனைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். அம்மா முகத்தைப் பார்க்கணும். பார்த்துட்டு "வைண்ணே"ன்னு சொல்லணும். சொன்னாத்தான் அண்ணன்காரர் கொள்ளி வைப்பார். அப்படித்தான் பேச்சு. அவருக்கும் அந்த முகத்துக்கும் நடுவுல நானும் இந்தப் பெட்டியும்.

முறைக்காதீங்க ஐயா. உங்க துண்டை எடுத்துத்தான் உக்காந்தேன், இல்லேங்கல. பஸ் ஜன்னல் வழியா துண்டைப் போட்டுட்டு நீங்க டீ குடிக்கப் போயிட்டீங்க, நான் நின்னுக்கிட்டே வரணுமா? சரி, விடுங்க. மடியில என்னடா டப்பான்னு நீங்கதானே கேட்டீங்க. அதைத்தான் சொல்லிட்டிருக்கேன்.

வெளிய டிபன் டப்பா. உள்ள கம்ப்யூட்டர். உள்ளங்கை அளவுதான். லினக்ஸ் போட்டது. சிம் கார்டு செருகின குச்சி ஒண்ணு, வயர் போட்டு ஒரு ஆன்டெனா. சிக்னல் கிடைக்காத ஊர்ல ஆன்டெனாவை மூங்கில்ல கட்டித் தூக்கிட்டா எங்கேயோ இருக்கிற டவரைப் பிடிச்சு, சுத்தி வைபையாக் கொடுக்கும். எங்க கேமரா போன் அதுல ஒட்டிக்கிட்டு லைவ் அனுப்பும். கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாத்துக்கும் போவோம். ஆனா இப்பல்லாம் துக்க வீடுதான் அதிகம். எங்க பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் வெளிநாட்டுல இருக்காங்க. பொழைக்கப் போனவங்களுக்கு லீவு கேட்ட உடனே கிடைச்சிருமா? அதனால துக்கத்தை நாங்க அனுப்புறோம்.

ஸ்டுடியோ முனியராஜ் அண்ணனோடது. நான் பதினொண்ணாவதுல நின்னுட்டு அங்க சேர்ந்தேன். ஏன் நின்னேன்னு கேக்காதீங்க, எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. உக்காந்து உக்காந்து எழுதுறது எனக்கு ஆகல. அவ்வளவுதான். கை வேலை ஆகும். இந்தப் பெட்டியைப் பிரிச்சு மாட்டச் சொல்லுங்க, கண்ணை மூடிக்கிட்டு மாட்டுவேன்.

செத்துப் போனது ராக்காயின்னு ஒரு அம்மா. கருவேலம்பட்டி. பெரிய மகன் பூமிநாதன் ஊர்லயே வெள்ளாமை பார்க்கிறார். சின்னவர் சேதுராமு, குவைத்துல ஒரு வீட்டுல கார் ஓட்டுறார். எங்க பக்கம் தாய்க்கு சின்ன மகன்தான் கொள்ளி வைக்கணும். அவரால வர முடியல, பாஸ்போர்ட் முதலாளி கையில. சாயங்காலம் கொஞ்ச நேரம் மட்டும் விடுறேன்னு அந்த முதலாளி சொல்லியிருக்கான். அதான் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டாங்க. அம்மா முகத்தைத் திறந்து தம்பிக்குக் காட்டுறது, தம்பி வாயால சொல்றது, அண்ணன் கையால வைக்கிறது.

முனியராஜ் அண்ணனுக்கு அன்னைக்குப் பரமக்குடியில கல்யாண ஆர்டர். என்னைத் தனியா அனுப்பினார். போகும்போது சொன்னார், "டேய் கார்மேகம், பாஸ்வேர்டை ஒரு ஆளுக்கும் கொடுக்காத. நம்ம போனுக்குத் தனியா நம்பர் பெட்டியில எழுதி வச்சிரு. போன தடவையே சொன்னேன்."

"சரிண்ணே."

"சரிண்ணேன்னா எழுதிட்டேன்னு அர்த்தமா, இல்ல எழுதுவேன்னு அர்த்தமா?"

"எழுதிருவேண்ணே."

எழுதியிருப்பேன். அதுக்கு வேலை ரொம்ப இல்ல, ரெண்டு வரிதான். ஆனா போய் இறங்கினதும் மூங்கில் வேணும், கரண்டு வேணும், ஆன்டெனா கட்ட ஒரு ஆள் வேணும். ஒரு ஆளு வரமாட்டேங்கிறான். எல்லாம் நானே ஏறி நானே கட்டினேன். கட்டி முடிச்சதும் லைவ் ஓடுச்சு. ஓடுறதை எதுக்குத் தொடணும்? நீங்களா இருந்தாத் தொடுவீங்களா?

பாஸ்வேர்டு சமாச்சாரம் வேற. அந்த ஊர்ல போன் எடுக்காது. மதுரை, திருப்பூர், பெங்களூருன்னு சொந்தக்காரங்க வந்து இறங்குறாங்க, எல்லார் கையிலயும் போன், எவன் போன்லயும் சிக்னல் கோடு இல்ல. வைபைன்னு மட்டும் தெரியுது. ஒரு தாய்மாமன்காரர் வந்து பக்கத்துல உக்காந்தார்.

"தம்பி, அந்த பாஸ்வேர்டு என்ன?"

"யாருக்கும் கொடுக்கக் கூடாதுங்க."

"ஏன், கலெக்டர் ஆபீஸ் ரகசியமா?"

"இல்லங்க, லைவ் கட் ஆயிரும்."

"நான் ஒருத்தன் பார்த்தா கட் ஆகுமா? என் மக பிரசவத்துக்குப் படுத்திருக்கா. ஒரு சேதி வருதா போகுதான்னு பார்க்க வேண்டாமா? நல்லா இருக்குப்பா உங்க தொழிலு. எழவு வீட்டுல வந்து பூட்டுப் போடுற."

அவர் சொன்னதைக் கேட்டு நாலு பேர் திரும்பிப் பார்த்தாங்க. எழவு வீட்டுல தண்ணியும் பாயும் கேட்டா யாரும் இல்லேன்னு சொல்ல மாட்டாங்க. நான் மட்டும் எப்படிச் சொல்றது? கொடுத்துட்டேன். அவர் பக்கத்துல இருந்தவருக்குச் சொன்னார். அப்புறம் பந்தல் பூரா அதுதான். காபி கொடுக்கிற பொம்பளைகூட, "அண்ணே, அது சின்ன எழுத்தா பெரிய எழுத்தா"ன்னு என்கிட்ட வந்து கேட்டுச்சு.

இங்கதான் உங்க துண்டு வருது ஐயா, கவனிங்க. இந்தப் பெட்டி கண்டக்டர் மாதிரி. எந்தப் போன் வந்து ஒட்டினாலும் ஒரு சீட்டு நம்பர் கொடுக்கணும். நம்பர் இருந்தாத்தான் உள்ள உக்காரலாம், நெட்டு வரும். எங்க பெட்டியில சீட்டு கொஞ்சம்தான், எங்க போனுக்குப் போதும்னு வச்சது. ஒரு தடவை கொடுத்தா ஒரு நாள் முழுக்க அந்தச் சீட்டு அந்தப் போனுக்குத்தான். போன்காரன் ஒழுங்கா, "நான் இறங்குறேன், இந்தா சீட்டு"ன்னு சொல்லிட்டுப் போனா பெட்டி திரும்ப எடுத்துக்கும். சொல்லாமப் போனான்னு வைங்க, ஆள் இருக்க மாட்டான், துண்டு மட்டும் கிடக்கும். பெட்டிக்கு ஆள் தெரியாது. துண்டுதான் தெரியும்.

துக்க வீட்டுல எவன் சொல்லிட்டுப் போறான்? மாலையைப் போட்டான், கையைக் கொடுத்தான், ஒரு ஓரமா நின்னான், திரும்பிப் பார்க்காமப் போயிட்டான். போயிட்டு வர்றேன்னு சொல்லவே கூடாது அங்க. ஆளும் சொல்லல, போனும் சொல்லல. காலையிலேருந்து வந்தவன் போனவன் அத்தனை பேர் துண்டும் என் பெட்டிக்குள்ள கிடந்திருக்கு. எனக்கு அது தெரியாது. எங்க கேமரா போன் காலையிலேயே ஒட்டிக்கிட்டதால அது பாட்டுக்கு ஓடுச்சு.

என்ன ஓடி என்ன. அந்தம்மாவை ஐஸ் பெட்டிக்குள்ள வச்சிருந்தாங்க. கண்ணாடி பூரா ஈரம் பூத்துப் போச்சு. துடைச்சாத் திரும்பப் பூக்குது, மேல மாலை மேல மாலையா வேற கிடக்கு. லைவ்ல பார்த்தா வெள்ளையா ஒரு பெட்டி, அழுகிற சத்தம், அவ்வளவுதான். குளிப்பாட்டும்போது பொம்பளைங்க சேலையைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டாங்க, கேமராவைத் தள்ளிப் போடான்னுட்டாங்க. பொணத்தைத் தேர்ல ஏத்துறப்ப நான் எங்க போனை முறையா அணைச்சேன், அது ஒண்ணுதான் சொல்லிட்டு இறங்குச்சு, அந்தச் சீட்டையும் உடனே வேற எவன் போனோ பிடிச்சிருக்கு. அப்புறம் பெட்டியை நிறுத்தி, ஆன்டெனாவை அவுத்து ஆட்டோவுல ஏத்திட்டிருந்தேன். அவங்க சுடுகாட்டுக்கு வர்றதுக்குள்ள நான் அங்க போய்க் கட்டி நிறுத்தணும்ல.

கட்டி நிறுத்தினேன். பெட்டியை ஆன் பண்ணினேன். போனை ஆன் பண்ணினேன். வட்டம்.

முதல்ல சிக்னல்னு நினைச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க. ஆன்டெனாவைத் திருப்பினேன். சிம்மைக் கழட்டி மாட்டினேன். மூங்கிலை இன்னும் ஏத்திக் கட்டினேன். அதுக்குள்ள தேர் வந்துருச்சு, இறக்கி வச்சுட்டாங்க. பூமிநாதன் கையில ஒரு பட்டன் போன். அதுல மட்டும் பேச்சு விட்டு விட்டுக் கேக்கும். அதுல சேதுராமு.

"அண்ணே, படம் வரலையே."

"வரும்டா. பையன் பார்த்துட்டிருக்கான்."

"நான் பார்க்காம வச்சிராதண்ணே."

"வைக்கலடா."

பெங்களூர்லேருந்து வந்த மருமகன் ஒருத்தர், கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்காராம், என் தோளுக்கு மேல எட்டிப் பார்த்தார். "தம்பி, எத்தனை பேருக்கு அட்ரஸ் கொடுக்கிற மாதிரி வச்சிருக்க? நிறைஞ்சு போயிருக்கும்பா. டிவைஸ் எல்லாம் நிறைய ஒட்டிச்சுல்ல காலையில."

"சார், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஆன்டெனாவை மறைக்கிறீங்க."

எனக்கு ஆத்திரம். எதுக்கெடுத்தாலும் ஒரு படிச்சவன் வந்து நிப்பான் பின்னாடி. ஸ்கூல்லயும் அப்படித்தான். அவர் தள்ளிப் போயிட்டார். அவர் சொன்னது சரின்னு அப்புறம் தெரிஞ்சுது, அது வேற விஷயம். சொல்ற விதம்னு ஒண்ணு இருக்குல்ல.

லேப்டாப்பை எடுத்து வயர் போட்டுப் பெட்டிக்குள்ள போனேன். அதுல ஒரு பதிவு ஓடும், என்னென்ன நடக்குதுன்னு. பார்த்தா நம்ம போன் கேட்டுட்டே இருக்கு, பெட்டி "நோ அட்ரஸ் அவைலபிள்"னு சொல்லிட்டே இருக்கு. கேக்குது, இல்லேங்குது. கேக்குது, இல்லேங்குது. ஆஹா இதானா சங்கதின்னு பெட்டியை நிறுத்தி மறுபடி ஓட விட்டேன். அதே பாட்டு. ஏன்னா யார் யாருக்குச் சீட்டுன்னு ஒரு ஃபைல்ல எழுதி வச்சிருக்கும், எந்திரிச்சதும் அதைத்தான் படிக்கும். சரின்னு அந்த ஃபைலை அழிச்சேன். ஓடிட்டிருக்கும்போதே அழிச்சிட்டேன். அது மனசுல வச்சிருந்ததை அப்படியே திரும்ப எழுதிருச்சு.

சிதை அடுக்குற ஆள், சன்னாசின்னு பேரு. அவர் வந்து பூமிநாதன்கிட்ட, "வானம் கருக்குது. வறட்டி நனைஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது"ன்னார்.

"கொஞ்சம் பொறு."

"நான் பொறுப்பேன். மழை பொறுக்குமா?"

தாய்மாமன்காரர், அதான் பாஸ்வேர்டு வாங்கினவர், அவர்தான் முதல்ல கத்தினார். "என்னப்பா இது, பொணத்தை வச்சுக்கிட்டு போன் நோண்டிக்கிட்டு. இருட்டுறதுக்குள்ள முடிக்க வேண்டாமா?" அவர் சட்டைப் பையில போன் வெளிச்சம் போட்டு அணையுது. நான் பார்த்தேன்.

சன்னாசி முகத்துத் துணியை எடுத்துட்டு எல்லாரையும் கூப்பிட்டார். "முகம் பார்க்கிறவங்க பார்த்துக்கங்க. கடைசியாப் பார்த்துக்கங்க." ஆளுங்க சுத்தி வர்ற சத்தம் கேட்டுச்சு. வாய்க்கரிசி போட்டாங்க. அரிசி விழுற சத்தம்கூடக் கேட்டுச்சு எனக்கு. நான் திரும்பல. திரும்ப எங்க நேரம்? இந்தத் தடவை சரியாப் பிடிச்சிட்டேன். முதல்ல நிறுத்தி, அப்புறம் ஃபைலை அழிச்சு, அப்புறம் ஓட விட்டேன். எல்லாத் துண்டும் போச்சு. அத்தனை சீட்டும் காலி.

காலியானதும் என்ன ஆச்சு தெரியுமா? சுத்தி நின்ன ஆம்பளைங்க பையில இருந்த போனெல்லாம் காலையில பாஸ்வேர்டு வாங்கினதுதானே. யாரும் கையில எடுக்கல, பையில இருந்தபடியே அதுவாத் தாவி ஏறிருச்சு. பதிவு கடகடன்னு ஓடுது. ஒரு சீட்டு, இன்னொரு சீட்டு, இன்னொண்ணு. எங்க போன் வட்டம் சுத்திக்கிட்டே நிக்குது. அம்மா முகத்தைச் சுத்தி நிக்கிற அத்தனை பேருக்கும் சீட்டு கிடைச்சிருச்சு, பார்க்க வேண்டியவருக்கு இல்ல.

"எல்லாரும் போனை ஆஃப் பண்ணுங்க"ன்னு கத்தினேன். யாரும் என்னைக் கண்டுக்கல.

அந்தப் பட்டன் போன்ல சேதுராமு அழுகிறது எல்லாருக்கும் கேக்குது. "அண்ணே, வச்சிராதண்ணே. ஒரு நிமிஷம்ணே. அம்மாவை ஒரு தடவை காட்டிட்டு வைண்ணே." பூமிநாதன் என்னைப் பார்த்து, "தம்பி, ஆகுமா ஆகாதா?"ன்னார்.

"ஆகும்ணே. இந்தா, ஆயிருச்சு."

எத்தனை தடவை அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியாது. தூறல் விழுந்துச்சு. என் லேப்டாப்புல விழுந்துச்சு, சட்டையைக் கழட்டி மூடினேன். ரெண்டு வரி, அதை இப்ப எழுதினேன். எங்க போனுக்குன்னு தனி நம்பர். பாஸ்வேர்டையும் மாத்தினேன். பின்னாடி தாய்மாமன்காரர், "மழையில நனைய விடுறியாடா உங்க ஆத்தாளை?"ன்னு கேட்டார். பூமிநாதன் அந்தப் பட்டன் போனை அணைச்சார். அணைச்சது தெரிஞ்சுது, ஏன்னா அழுகை நின்னு போச்சு. சீமெண்ணெய் வாடை வந்துச்சு.

பெட்டியை ஓட விட்டேன். போன்ல வட்டம் ஒரு சுத்து சுத்திட்டு நின்னுச்சு. இணைக்கப்பட்டது.

"வந்துருச்சு"ன்னு கத்தினேன். "அண்ணே, வந்துருச்சு, லைவ் வந்துருச்சு"ன்னு போனைத் தூக்கிக்கிட்டு ஓடினேன். தப்பாங்க? அவ்வளவு நேரம் அதோட மல்லுக்கட்டிட்டு, வந்ததும் கத்த மாட்டானா ஒருத்தன்? ஓடிப் போய்த் தூக்கிப் பிடிச்சேன். படம் சுத்தமாப் போச்சு. ஒரு இடத்துலகூட அறுந்து போகல. அவ்வளவு தெளிவா அதுவரைக்கும் நாங்க லைவ் கொடுத்ததே இல்ல.

தீ நல்லாப் பிடிச்சிருச்சு அப்ப.

அந்த மருமகன்தான் வந்து என் கையைக் கீழ இறக்கினார். "போதும்பா, அணைச்சிரு"ன்னார். அப்பதான் நான் கவனிச்சேன், குவைத்துல ஒரு ஆள் பார்த்துட்டிருக்கார்னு.

முனியராஜ் அண்ணன் அன்னைக்கு ராத்திரி திட்டல. திட்டியிருந்தாப் பரவாயில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தார், நான் எழுதின ரெண்டு வரியைப் பார்த்தார், "இதைக் காலையில எழுதியிருக்கலாம்"னு மட்டும் சொன்னார். அந்தப் பேச்சு அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

நேத்து சேதுராமு ஒருவழியா பாஸ்போர்ட் கிடைச்சு ஊருக்கு வந்து இறங்கிட்டார். இன்னைக்குக் காரியம். காலையில ஸ்டுடியோவுக்கு அவர் போன் பண்ணினார். நான்தான் எடுத்தேன். சண்டைக்குத்தான் வர்றார்னு நினைச்சு, "நெட்வொர்க்குங்க, அது வந்து"ன்னு ஆரம்பிச்சேன். அவர் சத்தமே போடல. "தம்பி, அன்னைக்குக் கேமரா பிடிச்சது நீதானே?"

"ஆமாங்க."

"எங்க அண்ணன்கூட நான் பேசுறதில்ல. அவன்கிட்ட கேக்க எனக்கு மனசில்ல. பொம்பளைங்க யாரும் அங்க வரல. மத்தவங்க எல்லாம் நல்லா இருந்துச்சு, தூங்குற மாதிரி இருந்துச்சுன்னு ஒரே மாதிரி சொல்றாங்க. நீ கேமராக்காரன், உத்துப் பார்த்திருப்ப. எங்க அம்மா முகம் எப்படி இருந்துச்சுன்னு நீ எனக்குச் சொல்லணும். மூக்குத்தி போட்டிருந்துச்சா, கழட்டிட்டாங்களா, வாய் மூடியிருந்துச்சா. நேர்ல வந்து சொல்லு தம்பி, ஊர் விலக்கு ஸ்டாப்புல நிக்கிறேன். போன்ல வேண்டாம்."

முனியராஜ் அண்ணன்கிட்ட சொன்னேன். அவர், "போ. பெட்டிக் கதை ஒண்ணும் சொல்லாத, அவர் அதைக் கேக்கல. பெட்டியை இங்கேயே வச்சிட்டுப் போ. கருவேலம்பட்டி விலக்குல இறங்கு, அவர் முன்னாடி நில்லு, பார்த்ததைச் சொல்லு. அது ஒண்ணுதான் நாம இனி அவருக்குக் கொடுக்க முடியும்"னார்.

பெட்டியை நான்தான் எடுத்துட்டு வந்தேன். எங்க தப்பாச்சுன்னு காட்டினாப் புரிஞ்சுக்குவார்ல. பதிவு எல்லாம் அப்படியே இருக்கு. எந்த நிமிஷம் எந்தப் போன் எந்தச் சீட்டை எடுத்துச்சுன்னு ஒண்ணு விடாமக் காட்டுவேன். தாய்மாமன் போனு, மருமகன் போனு, எல்லாம் பேரோட இருக்கு.

மூக்குத்தி இல்ல அதுல.

பொய் சொல்ல எனக்கு வராதுன்னு இல்ல. தூங்குற மாதிரி இருந்துச்சுங்கன்னு சொன்னா முடிஞ்சுது. ஆனா அவர் அதைத்தான் வேண்டாம்ங்கிறார். மூக்குத்தி போட்டிருந்துச்சுன்னு நான் சொல்லி, கழட்டினதை வீட்டுல யாராவது எடுத்துக் கொடுத்தா? நான் பின்னாடி திரும்பவே இல்லையே ஐயா. பத்தடிதான் இருக்கும். எல்லாச் சத்தமும் கேட்டுச்சு. அரிசி விழுந்ததைச் சொல்லட்டுமா அவர்கிட்ட?

நீங்க சொல்லுங்க. சரி, வேண்டாம், நீங்க என்ன சொல்லுவீங்க.

கண்டக்டர் கூப்பிடுறார். கருவேலம்பட்டி விலக்கு, இறங்குறவங்க முன்னாடி வாங்கன்னு. எனக்கும் கேக்குது, நீங்க இடிக்காதீங்க. அந்த வேப்ப மரத்தடியில நிக்கிறார் பாருங்க, புதுசா மொட்டை போட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு. ஒவ்வொரு பஸ்ஸா பார்த்துட்டு நிக்கிறார் போல. அவராத்தான் இருக்கும். என் முகம் அவருக்குத் தெரியாது.

"தம்பி, நீ விலக்குக்குத்தானே டிக்கெட் எடுத்த?"

"இல்லண்ணே. சாயல்குடிக்குக் கொடுங்க, மிச்சத்தைத் தர்றேன்."

பெட்டி வயரு ஒண்ணு கழண்டிருக்கு ஐயா, கீழ குனிஞ்சு அதை மாட்டிட்டிருக்கேன். அவர் ஜன்னல்கிட்ட வந்தாரா? நீங்க பார்த்தீங்களா, எப்படி இருந்துச்சு அவர் முகம்?